இலங்கையைக் காக்க வந்த தளபதி: அட்மிரல் லேட்டனின் வாழ்வும் 1942இன் பாடமும்

உயிர்த்த ஞாயிறு என்றதும் இன்றைய தலைமுறையினருக்கு 2019 ஏப்ரல் 21ஆம் திகதியின் துயரமே நினைவுக்கு வரும். எமது பாட்டன் பாட்டிமாரின் தலைமுறைக்கு அத்தினம் வேறொரு காலைப்பொழுதை நினைவூட்டியது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை எட்டு மணிக்குச் சற்று முன்னதாக ஜப்பானியப் போர் விமானங்கள் கொழும்பின் வானில் தோன்றின. நான்கு நாட்கள் கழித்துத் திருகோணமலையும் அதே கதிக்கு உள்ளானது. அதற்குப் பின்னர் ஜப்பானின் பெரும் விமானத் தாக்குதல் எதற்கும் இந்நாடு இலக்காகவில்லை.

அந்த இரு காலைப்பொழுதுகளிலும் இத்தீவின் பாதுகாப்புக்கு முழுப் பொறுப்பாக இருந்தவர் அட்மிரல் சேர் ஜெப்ரி லேட்டன். ஆளுநருக்கும் மேலான அதிகாரம் அவரிடம் கையளிக்கப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் இந்நாட்டில் அவரது பெயரை அறியாதார் இல்லை என்னும் அளவுக்கு அது பிரபலமாக இருந்தது. இன்று அப்பெயர் வரலாற்று நூல்களின் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. சிறியதும் எளிதில் தாக்கப்படக்கூடியதுமான ஒரு குடியேற்ற நாட்டை வானிலிருந்து வரும் ஆபத்திலிருந்து எவ்வாறு காப்பது என்னும் கேள்விக்குக் குறுகிய காலத்தில் விடை தேட வேண்டியிருந்தவர் அவர். அவரது வாழ்வை மீட்டிப் பார்ப்பது பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

லேட்டன் 1884 ஏப்ரல் 20ஆம் திகதி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே கடற்படையில் இணைந்த அவர், அக்காலத்தில் புதுமையானதாகவும் ஆபத்து மிகுந்ததாகவும் விளங்கிய நீர்மூழ்கிப் பிரிவைத் தமது துறையாகத் தெரிந்துகொண்டார். முதலாம் உலக யுத்தத்தில் ஈ-13 என்ற நீர்மூழ்கியின் தளபதியாக அவர் பணியாற்றினார். 1915 ஓகஸ்ட் மாதத்தில் பால்டிக் கடலை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அந்த நீர்மூழ்கி, திசைகாட்டிக் கருவியின் கோளாறினால் டென்மார்க்கின் சல்தொல்ம் தீவருகே தரைதட்டியது. டென்மார்க் நடுநிலை நாடு. ஆயினும், அதன் கடல் எல்லைக்குள் அசைய முடியாமல் கிடந்த நீர்மூழ்கி மீது ஜேர்மன் கப்பல்கள் குண்டு பொழிந்தன. 15 மாலுமிகள் உயிரிழந்தனர். டென்மார்க்கின் சிறு படகொன்று இடையே வந்து நின்ற பின்னரே தாக்குதல் ஓய்ந்தது.

உயிர் தப்பியவர்கள் டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்டனர். தப்பியோட மாட்டேன் என்று உறுதிமொழி வழங்கினால் ஓரளவு சுதந்திரமாக நடமாடலாம் என்ற சலுகை லேட்டனுக்கு அளிக்கப்பட்டது. அவர் அதனை மறுத்தார். சில மாதங்களில் மாறுவேடத்தில் தப்பி இங்கிலாந்தை அடைந்தார். விட்டுக்கொடாத பிடிவாதமும் வளைந்து போகாத சுபாவமும் அவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தன. இலங்கையில் அவர் பெற்ற நற்பெயர், தேடிக்கொண்ட வெறுப்பு ஆகிய இரண்டுக்கும் இச்சுபாவமே காரணமாயிற்று.

எனினும், வான் பாதுகாப்பு என்னும் பாடத்தை லேட்டன் நூல்களிலிருந்து கற்றவரல்லர். முதற் பாடம் நோர்வேயின் கடற்பரப்பில் கிடைத்தது. 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மனி நோர்வேயை ஆக்கிரமித்த அன்று, பேர்கன் துறைமுகத்தைத் தாக்குவதற்கென அனுப்பப்பட்ட பிரித்தானியக் கப்பற் தொகுதிக்கு அவரே தலைமை தாங்கினார். தாக்குதல் கைவிடப்பட்டுத் திரும்பும் வழியில் ஜேர்மன் விமானங்கள் அக்கப்பல்களைச் சூழ்ந்துகொண்டன. கூர்க்கா என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. தலைக்கு மேல் தமது தரப்பு விமானங்கள் இல்லாத கடற்படை எவ்வளவு நிர்க்கதியானது என்பதை அவர் கண்ணாரக் கண்டார். திருகோணமலை தாக்கப்பட்டது சரியாக இரண்டு ஆண்டுகளின் பின்னர், அதே ஏப்ரல் 9ஆம் திகதியில் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது பாடம் மேலும் கசப்பானது. 1940 செப்டெம்பரில் சீன நிலையத்தின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்ட லேட்டன், ஓராண்டுக்கு மேலாக அப்பதவியில் இருந்தார். 1941 டிசெம்பரில் அட்மிரல் சேர் டொம் பிலிப்ஸிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நாடு திரும்புவதற்காகச் சிங்கப்பூரில் கப்பலேறினார். அதே நாட்களில், டிசெம்பர் 10ஆம் திகதி, பிறின்ஸ் ஒஃப் வேல்ஸ், றிபல்ஸ் ஆகிய இரு பெரும் போர்க் கப்பல்களும் மலாயாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. பிலிப்ஸும் உயிரிழந்தார். லேட்டன் திருப்பி அழைக்கப்பட்டு மீண்டும் தலைமையை ஏற்றார். அந்தக் கப்பல்களுடன் பாதுகாப்பு விமானங்கள் எவையும் இருக்கவில்லை.

ஜனவரியில் அவர் தமது தலைமையகத்துடன் சிங்கப்பூரைவிட்டு வெளியேறினார். புறப்படும்போது அங்கு எஞ்சியிருந்தோருக்கு அவர் விடுத்த பிரியாவிடைச் செய்தி அவர்களிடையே கசப்பையே ஏற்படுத்தியது. தளபதி போய்விட்டார், தாங்கள் கைவிடப்பட்டோம் என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாயிற்று. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8ஆம் திகதி ரங்கூனும் அதே மாதம் 23ஆம் திகதி அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. அடுத்தது இலங்கையே என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

லேட்டன் கொழும்பை வந்தடைந்தபோது கண்ட நிலைமை அவரைத் திகைக்கச் செய்தது. ஜப்பானுடனான யுத்தம் ஆரம்பித்த வேளையில் இத்தீவின் வான் பாதுகாப்புக்கென இருந்தவை பழைமையான நான்கு விமான எதிர்ப்புப் பீரங்கிகள் மாத்திரமே. அவை நான்கும் திருகோணமலையில் இருந்தன. கொழும்பில் ஒன்றுகூட இல்லை. சிங்கப்பூர் கோட்டை நிற்கும்வரை இலங்கைக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கையே அதுவரை திட்டமாக இருந்தது. சிவில் நிர்வாகம் ஒரு பக்கமும் முப்படைகள் தத்தம் பக்கமும் இயங்கின. பொறுப்பு எல்லோருக்கும் உரியதாக இருக்கும்போது அது எவருக்கும் உரியதாக இருப்பதில்லை. மலாயாவில் அதன் விளைவைப் பார்த்துவிட்டு வந்தவர் லேட்டன். ஆகவே, ஒரே அதிகாரத்தின் கீழ் அனைத்தும் கொண்டுவரப்பட வேண்டும் என அவர் லண்டனை வற்புறுத்தினார். 1942 மார்ச் 5ஆம் திகதி அவரே இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டார். ஆளுநர் சேர் அன்ட்ரூ கல்டெகொட் உட்பட சிவில், இராணுவ அதிகாரிகள் அனைவரும் அவரது பணிப்புக்குக் கட்டுப்பட்டவர்கள் ஆயினர்.

வான் பாதுகாப்பு என்பது போர் விமானங்களின் எண்ணிக்கை மாத்திரமன்று. அது ஒரு சங்கிலி. கடலின் தொலைவில் ரோந்து செல்லும் விமானம் அதன் முதற் கண்ணி. கரையிலிருந்து எதிரி விமானங்களைக் கண்டறியும் ராடார் இரண்டாவது. கிடைக்கும் தகவலை ஒன்றுசேர்த்துக் கட்டளை பிறப்பிக்கும் கட்டுப்பாட்டு அறை மூன்றாவது. மேலெழும் போர் விமானங்களும் தரையிலுள்ள பீரங்கிகளும் அதற்கு அடுத்தவை. வானில் உயரத்தில் நிற்பவனுக்கே அனுகூலம் அதிகம். அந்த உயரத்தை அடைய விமானிக்குச் சில நிமிடங்கள் தேவை. அந்நிமிடங்களைப் பெற்றுக்கொடுப்பதே முன்னைய கண்ணிகளின் பணி. ஒரு கண்ணி அறுந்தாலும் எஞ்சியவை பயனற்றுப் போகும்.

இச்சங்கிலியைக் கோக்கும் பணியில் லேட்டனுக்குத் துணைநின்றவர், கிரேக்கத்தில் இதேபோன்ற நெருக்கடியைச் சந்தித்திருந்த எயார் வைஸ் மார்ஷல் ஜோன் டல்பியாக். மார்ச் மாத ஆரம்பத்தில் இன்டொமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஹரிக்கேன் ரகப் போர் விமானங்கள் பறந்து வந்து இரத்மலானையிலும் சீனக்குடாவிலும் நிலைகொண்டன. சிங்கப்பூர், சுமாத்திரா, ஜாவா ஆகிய களங்களிலிருந்து தப்பி வந்த விமானிகளையும் கொண்டு மற்றுமோர் அணி உருவாக்கப்பட்டது. அதற்கு விமானத்தளம் இல்லை. கொழும்பு கறுவாத்தோட்டத்தின் குதிரைப் பந்தயத் திடலே அவசர அவசரமாக ஓடுபாதையாக மாற்றப்பட்டது. ஜப்பானியர் அதனை அறிந்திருக்கவில்லை. தென்கரையில் கொக்கலை வாவி கட்டலினா என்னும் நீர்விமானங்களின் தளமாயிற்று. கொழும்பிலும் திருகோணமலையிலும் ராடார் நிலையங்கள் அமைந்தன. ஏப்ரல் ஆரம்பத்தில் சுமார் 67 ஹரிக்கேன்களும் கடற்படைக்குரிய 44 புல்மார்களும் 144 விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் தீவில் இருந்தன. நான்கு பீரங்கிகளில் தொடங்கிய நாடு நான்கே மாதங்களில் அடைந்த நிலை இது.

ஏப்ரல் 4ஆம் திகதி மாலை, கொக்கலைக்கு வந்து இரண்டு நாட்களே ஆகியிருந்த பேர்ச்சல் என்ற கனேடிய விமானி, தீவின் தென்கிழக்கே ஏறத்தாழ 360 மைல் தொலைவில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. யுத்தம் முடியும்வரை அவர் கைதியாகவே இருந்தார். சங்கிலியின் முதற் கண்ணி தன் கடமையைச் செய்தது. லேட்டன் துறைமுகத்திலிருந்த கப்பல்களை இயன்றளவு வெளியேற்றினார். பீரங்கிப் படையினர் ஆயத்த நிலையில் வைக்கப்பட்டனர்.

இருந்தும், மறுநாட் காலை சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் வந்தபோது இரத்மலானையின் விமானிகள் தரையிலேயே நின்றுகொண்டிருந்தனர். எதிரி வருகிறான் என்பது முதல்நாள் மாலையே தெரிந்திருந்தது. ஆனால், எதிரி வந்துவிட்டான் என்ற செய்தி உரிய நேரத்தில் விமானிகளைச் சென்றடையவில்லை. நிறுவி இரண்டு வாரங்களே கடந்திருந்த ராடார் ஏற்பாடு அன்று பயன் தரவில்லை. குண்டுகளின் நடுவே அவர்கள் மேலெழ நேர்ந்தது. அன்று பிரித்தானியத் தரப்பு 20க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. ஜப்பானியர் இழந்தவை 7 மாத்திரமே. துறைமுகத்தில் டெனிடோஸ், ஹெக்டர் ஆகிய கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் வைத்தியசாலை மீதும் குண்டுகள் வீழ்ந்தன. எந்த யுத்தத்திலும் எத்தரப்பையும் சாராத நோயாளர்கள் அங்கே மாண்டனர்.

திருகோணமலையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஏப்ரல் 9ஆம் திகதி காலை அங்கிருந்த ராடார் சுமார் 90 மைல் தொலைவிலேயே எதிரியைக் கண்டுவிட்டது. சீனக்குடாவின் ஹரிக்கேன்கள் முன்கூட்டியே வானில் ஏறிக் காத்திருந்தன. அவற்றிலும் ஏறத்தாழ அரைவாசி வீழ்த்தப்பட்டன என்பது உண்மை. ஜப்பானிய விமானிகளின் அனுபவமும் அவர்களது எண்ணிக்கையும் அத்தகையவை. ஆனாலும் தரையில் நின்று அழிவதற்கும் வானில் நின்று பொருதுவதற்கும் இடையிலான வேறுபாடு அங்கே தெளிவாயிற்று. அதே காலையில் கொழும்புப் பந்தயத் திடலிலிருந்து புறப்பட்ட 9 பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானின் தலைமைக் கப்பலான அககியை நெருங்கிக் குண்டு வீசின. குண்டுகள் இலக்குத் தவறின. திரும்பி வந்தவை நான்கே.

கப்பல்களை வெளியேற்றும் உத்தியும் முழுமையான தீர்வாக அமையவில்லை. டோர்செட்ஷயர், கோர்ன்வோல் ஆகிய இரு கப்பல்களும் கொழும்பைவிட்டுப் புறப்பட்ட மறுநாள், ஏப்ரல் 5ஆம் திகதி பிற்பகலில், நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் மாண்டனர். உலகில் விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதற் கப்பலான ஹேர்மிஸ் ஏப்ரல் 8ஆம் திகதி இரவு திருகோணமலையிலிருந்து வெளியேற்றப்பட்டது. மறுநாள் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதில் விமானங்கள் இருக்கவில்லை. உதவி கோரப்பட்டும் உரிய நேரத்தில் விமானங்கள் வந்து சேரவில்லை. ஹேர்மிஸில் மாத்திரம் 307 பேர் உயிரிழந்தனர். வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் சுமார் 600 பேரைக் காப்பாற்றியது. நோர்வேயில் கற்ற பாடம், மலாயாவில் கற்ற பாடம், மட்டக்களப்பின் கடலில் மூன்றாவது தடவையாகவும் எழுதப்பட்டது. லேட்டன் அதனை அறியாதவரல்லர். அறிந்ததைச் செயற்படுத்தும் அளவுக்கு அவரிடம் விமானங்கள் இருக்கவில்லை என்பதே உண்மை.

தாக்குதலின் பின்னர் கொழும்பு வெறிச்சோடியது. துறைமுகத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். இந்திய வம்சாவளித் தொழிலாளர் பலர் தலைமன்னார் வழியாகத் தாயகம் திரும்ப முற்பட்டனர். பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா எமது சமையலறைகளுக்குள் நுழைந்தது. இந்த நெருக்கடிகளை லேட்டன் தமது யுத்தப் பேரவையின் ஊடாகக் கையாண்டார். சிவில் பாதுகாப்பு ஆணையாளராக விளங்கிய ஒலிவர் குணதிலக்கவின் திறமை அவருக்குப் பேருதவியாக அமைந்தது. லேட்டனின் நாவோ மிகக் கடுமையானது. குணதிலக்கவையே நிறத்தைச் சுட்டி இழிவாகப் பேசினார் என்றும், முறையிடச் சென்றபோது தம்மை அதைவிட மோசமாக ஏசியதாக ஆளுநர் ஆறுதல் கூறினார் என்றும் சொல்லப்படுவதுண்டு. சிரித்துவிட்டுக் கடந்து செல்லக்கூடிய கதையன்று இது. யாருடைய நாட்டைக் காக்க வந்தாரோ அவர்களை அவர் எந்த இடத்தில் வைத்திருந்தார் என்பதை அது காட்டுகின்றது.

அவரது அதிகார காலத்திலேயே மற்றுமொரு துயரமும் நிகழ்ந்தது. 1942 மே 8ஆம் திகதி இரவு கொக்கோஸ் தீவுகளில் நிலைகொண்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு பகுதியினர் கிளர்ச்சி செய்தனர். கிரேஷன் பெர்னாண்டோ உள்ளிட்ட மூன்று இளைஞர்கள் அதே ஆண்டு ஓகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலக யுத்தத்தில் கிளர்ச்சிக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படையினர் இவர்கள் மாத்திரமே. பிறருடைய யுத்தத்தில் தாங்கள் ஏன் மடிய வேண்டும் என்ற கேள்வி அக்கிளர்ச்சியின் அடியில் இருந்தது.

எனினும், லேட்டனை ஒரு சர்வாதிகாரியாக மாத்திரம் சித்திரிப்பது நியாயமாகாது. தம்மிடம் இருந்த வரம்பற்ற அதிகாரத்தை அவர் பெரும்பாலும் பயன்படுத்தாமலே விட்டுவைத்தார். ஆளுநரையும் அமைச்சர்களையும் தத்தமது பணியைச் செய்யவிட்டார். யுத்தத்தில் இலங்கை அமைச்சர்கள் வழங்கிய ஒத்துழைப்புக்கு ஈடாக அரசியல் முன்னேற்றம் வழங்கப்பட வேண்டும் என்ற ஆளுநரின் நிலைப்பாட்டை அவரும் ஆதரித்தார். 1943 மே மாதப் பிரகடனமும் 1944இல் சோல்பரி ஆணைக்குழுவின் வருகையும் அந்த வழியிலேயே நிகழ்ந்தன. புதிய அரசியல் திட்டத்துக்கு அரசாங்க சபையின் நான்கில் மூன்று பங்கு அங்கத்தவர்களின் ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனையை அப்பிரகடனம் விதித்திருந்ததை தமிழ், முஸ்லிம் மக்கள் மறந்துவிடலாகாது. சிறுபான்மையினரின் இணக்கம் தேவை என்பதை அந்த எண்ணிக்கை மறைமுகமாக ஏற்றுக்கொண்டிருந்தது.

லேட்டன் 1945 ஆரம்பத்தில் இலங்கையைவிட்டுச் சென்றார். போட்ஸ்மத் கடற்படைத் தளத்தின் பிரதம தளபதியாகப் பணியாற்றி 1947இல் ஓய்வுபெற்றார். 1964 செப்டெம்பர் 4ஆம் திகதி, தமது 80ஆவது வயதில் காலமானார். ஆனால், அந்த யுத்த காலம் இத்தீவின் வரைபடத்தில் பதித்த தடயங்கள் அழியவில்லை. பலாலியிலும் வவுனியாவிலும் நீர்கொழும்பிலும் அன்று யுத்தத் தேவைக்காக விமானத்தளங்கள் எழுந்தன. திருகோணமலை, கட்டுநாயக்க ஆகிய தளங்களைப் பிரித்தானியா 1957இல் இலங்கையிடம் கையளித்தது. பலாலி பிற்கால யுத்தத்தில் உயர் பாதுகாப்பு வலயமாக விரிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை இடம்பெயரச் செய்தது. 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. திருகோணமலையின் எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று 1942 ஏப்ரல் 9ஆம் திகதி எரிந்தழிந்தது. எஞ்சிய 99 தாங்கிகள் பற்றி 2022இலும் உடன்படிக்கைகள் கைச்சாத்திடப்பட்டன. வல்லரசுகளின் கணக்கில் இத்தீவு எதற்காக மதிக்கப்படுகின்றது என்பதற்கு இவை சாட்சிகளாக நிற்கின்றன.

அன்றைய திட்டமும் இந்த மதிப்பீட்டிலிருந்து விலகியதன்று. காக்கப்பட வேண்டியவையாக அது முதலில் எண்ணியது துறைமுகத்தையும் கப்பற்படையையும் இறப்பரையும்தான். மக்கள் அதன் பின்னரே வந்தனர். ஆயினும், லேட்டன் கற்றுத் தந்த இரு பாடங்கள் எக்காலத்துக்கும் உரியவை. ஆபத்து வேளையில் பொறுப்பு இன்னாருடையது என்பது தெளிவாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கிடைத்த எச்சரிக்கை, அது யாருக்குத் தேவையோ அவரை உரிய நேரத்தில் சென்றடைய வேண்டும் என்பது மற்றையது. 1942இன் உயிர்த்த ஞாயிறன்று எச்சரிக்கை கிடைத்தும் விமானிகள் தரையில் நின்றனர். 2019இன் உயிர்த்த ஞாயிறன்றும் எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்திருந்தது. அதன்படி செயற்படத் தவறியவர்களின் பொறுப்பை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தனது தீர்ப்பில் எடுத்துரைத்தது. முதலாவது தவறு நிகழ்ந்தபோது நாம் பிறரால் ஆளப்பட்டோம். இரண்டாவது நிகழ்ந்தபோது எம்மை நாமே ஆண்டுகொண்டிருந்தோம். முன்னையதற்கு அந்நியரைக் குறைகூறலாம். பின்னையதற்கு நாம் யாரைக் குறைகூறுவது?